வேலி தாண்டிய பூச்செடிகள்

தோட்டத்துப் பூச்செடி ரோட்டோரம் வருவது விதையால் மட்டுமல்ல. கழித்துக் கொட்டிய தண்டாலும் வரும். குமரியில் தலைவலி இந்த இரண்டாவது வழிதான்.

நித்தியகல்யாணி விதையால் வருவது. மடகாஸ்கர் செடி, கடற்கரை மணலிலும் நிற்கும், செம்மண்ணிலும் நிற்கும். கசப்புக்கும் விஷத்துக்கும் பயந்து ஆடு வாய் வைக்காது. வேண்டுமென்றால் பழுத்த நெற்றை வெடிக்கும் முன் பறித்து, அரை செ.மீ. மண் மூடி விதையுங்கள். இருட்டில்தான் நன்றாக முளைக்கும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். ஐப்பசி மழையே அதற்குக் கடிவாளம்.

பட்டாசுக்காய்ச் செடி அப்படியில்லை. காய்ந்த காயில் ஈரம் பட்டதும் வெடித்து விதை தெறிக்கும். கையால் இழுத்தால் தண்டுதான் வரும், கிழங்கு வேர் மறுபடி தளிர்க்கும். கம்பியால் கிளறித்தான் எடுக்க வேண்டும்.

சானல்கரையிலும் ரப்பர் விளை ஓரத்திலும் பாய் விரித்தாற்போல் கிடக்கும் மஞ்சள் பூ, நர்சரிகளில் வெடேலியா என்று விற்கும் செடி. உலகின் மோசமான 100 ஊடுருவிகள் பட்டியலில் உண்ணிச்செடியோடு இதுவும் உண்டு. விதையை விடக் கணுதான் இதற்குப் பலம்: மண்ணைத் தொட்ட கணுவெல்லாம் வேர் விடும். கத்தரித்த கொடியை ஓடையில் தள்ளினால், தண்ணீர் கொண்டுபோய் அடுத்த ஊரில் நட்டுவிடும். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்துக் கீரைக்குப் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். கீரையின் இலை நீண்டு ஒடுங்கியது. இதன் இலை பளபளப்பாக, பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும்.

அகற்ற மாசி, பங்குனிதான் ஏற்றது. மழைக்காலத்தில் பறித்துப் போட்டது காயாது, கிடந்த இடத்திலேயே வேர் பிடிக்கும். முந்தின நாள் மண்ணை நனைத்து, மம்பட்டியால் இரண்டடி அகலப் பட்டைகளாக வெட்டி, ஓரத்திலிருந்து பாயைப்போல் சுருட்டுங்கள். கொத்திக் கிளறக் கூடாது; ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. சுருட்டியதைப் பாறையிலோ சிமென்ட் தரையிலோ பரப்பி, தண்டு முறிகிற அளவு காயும்வரை புரட்டுங்கள். உரக்குழியில் பச்சையாகப் போட வேண்டாம்.

முதல் கோடைமழை பெய்து பத்துப் பதினைந்து நாளில் திரும்பப் போய்ப் பாருங்கள். விட்டுப்போன கணுக்கள் எதிரெதிராக இரண்டு இலை காட்டிக்கொண்டு நிற்கும்.