பைக்குள் இருந்த ஊசி

இன்று காலை கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைச் சந்தையோரம். குப்பைப் பையைத் தூக்கிய தூய்மைப் பணியாளர் அண்ணன் சட்டென்று காலை உதறினார்.

இன்சுலின் ஊசி. மூடி இல்லை.

கையில் உறை இருந்தது. குத்தியதோ தொடையில். ஈரக்குப்பை கனம், உடம்போடு அணைக்காமல் எத்தனை பையைத்தான் தூக்க முடியும்?

குத்தினால் ரத்தத்தைப் பிதுக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போகணும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையென்றால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கணும், 28 நாள் விடாமல் சாப்பிடணும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஹெபடைடிஸ் பி (ரத்தம் வழியாகவும் பரவும் கல்லீரல் தொற்று) தடுப்பூசி 3 தவணையும் வேலைக்குச் சேரும்போதே போட்டிருக்கணும்.

வீட்டில் ஊசி போடுகிறவர்களே, கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு டேப் ஒட்டுங்கள். மேலே 'ஊசி' என்றும், மலையாளத்தில் 'சூசி' என்றும் எழுதி, தனியாகக் கையில் கொடுங்கள்.