பெரிய அலையை ஒப்பிட்டுப் பார்த்தபோது

ஓவியப் படங்களைச் சும்மா இறக்கி ஃபோல்டரில் குவிப்பதை நிறுத்திவிட்டு, இப்போது ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். முதலில் எடுத்துக்கொண்டது ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் ‘பெரிய அலை’, சுமார் 1831. மரக்கட்டை அச்சு என்பதால் ஒரே படத்துக்கு ஏகப்பட்ட பிரதிகள், சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் மட்டும் மூன்று இருக்கின்றன. நியூயார்க் மெட் மியூசியமும் காப்புரிமை முடிந்த படங்களை 2017 முதல் இலவசமாக எடுத்துக்கொள்ள விட்டிருக்கிறது.

கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சரில் ஜூம் செய்து பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் பெரிய கோப்பு கைக்கு வராது, என் வேலைக்கு அது போதவில்லை. பல படங்களை ஒரே திரையில் திறக்கும் மிராடார் என்ற மென்பொருள் பரவாயில்லை. சிகாகோ படங்களின் ட்ரிப்பிள்-ஐ-எஃப் (IIIF, மியூசியங்கள் படங்களை இணையத்தில் பகிரும் பொது முறை) முகவரியைக் கொடுத்தால் பக்கத்தில் பக்கத்தில் திறக்கிறது, ஒவ்வொரு ஜன்னலையும் தனித்தனியாக நகர்த்த வேண்டியிருப்பதுதான் எரிச்சல்.

மேலே இடது மூலையில் தலைப்பு எழுதிய நீளப் பெட்டி இருக்கிறதே, அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்னால் அச்சான பிரதிகளில் பெட்டியின் ஓரக்கோடு முழுசாக ஓடும், அச்சடித்து அச்சடித்துக் கட்டை தேய்ந்த பிறகு வந்தவற்றில் நடுவே அறுந்திருக்கும். நான் நம்புவது இந்தக் கோட்டைத்தான், வானத்தின் நிறத்தை அல்ல. சாயமும் வெளுத்திருக்கும், ஒவ்வொரு மியூசியமும் ஒவ்வொரு விளக்கில் படம் எடுத்திருக்கும், என் லேப்டாப் திரை தன் பங்குக்கு எல்லாவற்றையும் கொஞ்சம் நீலமாக்கிவிடும்! கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தும் பார்த்தேன், அச்சுக் கச்சிதமாகப் பொருந்தாது, ஈரத்தாளில் அச்சடித்துக் காய்ந்தவை எல்லாம் ஒரே அளவில் இருக்குமா என்ன.

படங்களை அடுக்கி வைக்க ட்ராப்பி (Tropy) என்ற மென்பொருள். காசு கிடையாது, படத்தில் ஒரு பகுதியை மட்டும் வெட்டி அதற்கென்று குறிப்பு எழுதலாம், எனக்கு அதுவே போதும். ‘கோடு அறுந்தது’ என்று ஒரு டேக் போட்டால் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், ‘அட்வான்ஸ்டு’ வகை ப்ராஜெக்டில் அது படத்தை உள்ளே எடுத்து வைக்காது, இருக்கும் இடத்தைத்தான் நினைவில் வைத்திருக்கும், ஃபோல்டரை நகர்த்தினால் படம் கிடைக்காமல் தேடும்.

அடுத்து தஞ்சாவூர், மைசூர் படங்கள். மைசூர் பாணியில் பொன்வேலைக்கு அடியில் உள்ள பூச்சு மெல்லிசாக இருக்கும், தஞ்சாவூரில் நன்றாகப் புடைத்து நிற்கும். நேராக எடுத்த போட்டோவில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, பக்கவாட்டில் வெளிச்சம் போட்டு எடுக்க வேண்டும். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் பெரியம்மா வீட்டு பூஜையறையில் பழைய மைசூர் படம் ஒன்று இருக்கிறது. போட்டோ எடுக்கச் சம்மதித்துவிட்டார்கள், ஆனால் கண்ணாடியைக் கழற்ற மட்டும் விடமாட்டேன் என்கிறார்கள்.