எட்டு வசனம்

மார்ச் 3, செவ்வாய்

வேதத்தில் 119-ஆம் சங்கீதத்தை இன்று ஆரம்பித்தேன். 176 வசனங்கள். எபிரெய மொழியின் 22 எழுத்துகளுக்கும் எழுத்துக்கு எட்டு வசனம். நாளுக்கு ஒரு எழுத்து என்றால் 24-ஆம் தேதி முடிந்துவிடும். பேச்சு போன அப்பா அதற்குள் பேசிவிடுவார் என்று மனசு தானாகக் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கை ஆண்டவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 4, புதன்

இரண்டாம் எட்டு. படித்தேன். ஒன்றும் உள்ளே இறங்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

நேற்று வேதத்தைத் திறக்கவே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒருதரம், நாலு மணிக்கு ஒருதரம் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். முதுகில் புண் வந்துவிடக்கூடாது. விடிந்தபோது என் கை மரத்துப்போயிருந்தது.

விட்டதையும் சேர்த்து இன்று படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். நான்காம் எட்டின் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். 'என் ஆத்துமா மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.'

மார்ச் 8, ஞாயிறு

ஆராதனைக்குப் போகாத மூன்றாவது ஞாயிறு. அக்கா திருவிருந்து எடுத்துவிட்டு வந்தாள். "உனக்காகவும் ஜெபம் பண்ணினேன்" என்றாள். எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது?

மார்ச் 10, செவ்வாய்

பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் வந்தார். டம்ளரைக் காட்டிப் பெயர் கேட்டார். அப்பா வாயைத் திறந்தார், மூடினார், என்னைப் பார்த்தார். என் பெயரும் வரவில்லை. ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னார். பத்து வரை எண்ணிவிட்டார்! "தினமும் சொல்லும் ஜெபம் ஏதாவது உண்டா?" என்று என்னிடம் கேட்டார்.

"பரமண்டலங்களிலிருக்கிற" என்று நான் எடுத்துக் கொடுத்தேன். "எங்கள் பிதாவே" என்று அப்பா பிடித்துக்கொண்டார். ஆமென் வரைக்கும் ஒரு வார்த்தை தப்பவில்லை. காலையில் தண்ணீர் என்ற சொல்லுக்காகக் கண்ணீர் விட்ட அதே வாய்.

மூளையின் இடது பக்கம் அடிபட்டுப் பேச்சு போனவர்களிடமும் பல வருடம் சொல்லிச் சொல்லிப் பழகியது தங்கிவிடுவதுண்டாம். எண்ணிக்கை, பாட்டு, ஜெபம். அதை வைத்துப் பேச்சு திரும்பிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள் என்று மென்மையாகத்தான் சொன்னார்.

மார்ச் 11, புதன்

தூக்கமில்லை. அது ஜெபமா, பழக்கமா?

மனப்பாடமாகச் சொல்வதை நான் என்றைக்கும் ஜெபமாக நினைத்ததில்லை. உள்ளத்திலிருந்து வர வேண்டும், சொந்த வார்த்தையில் வர வேண்டும் என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மத்தேயு 6-இல் 'வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்' என்று கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் அது ஏழாம் வசனம். ஒன்பதாம் வசனத்திலேயே இயேசு இப்படி ஜெபம்பண்ணுங்கள் என்று வார்த்தைகளைக் கையில் கொடுக்கிறார். அதில் நான் கோடு போடவில்லை.

சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்திலும் மூன்றாந்தரம் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்றுதான் இருக்கிறது. சிலுவையிலோ, 'என் தேவனே, என் தேவனே' என்பது 22-ஆம் சங்கீதம். 'உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்' 31-ஆம் சங்கீதம். மூச்சு விட முடியாத நேரத்தில் மனப்பாடமாக இருந்ததுதான் அவருக்கும் வாயில் வந்தது. இத்தனை வருடம் வாசித்தும் இது என் கண்ணில் படவில்லையே.

என் சொந்த வார்த்தைகள் எங்கே? மூன்று வாரமாக "ஆண்டவரே" என்பதற்கு அப்புறம் எனக்கு ஒன்றும் வருவதில்லை.

மார்ச் 12, வியாழன்

இன்னும் 25-ஆம் வசனம்.

மார்ச் 14, சனி

விளக்கவுரை ஒன்றைப் புரட்டினேன். 25-இல் 'ஒட்டிக்கொண்டிருக்கிறது', 31-இல் 'உமது சாட்சிகள்மேல் பற்றுதலாயிருக்கிறேன்'. சாட்சிகள் என்றால் அவருடைய கட்டளைகள். தமிழில் இரண்டு சொல். எபிரெயத்தில் ஒரே சொல்லாம், தாவக். ரூத் தன் மாமியார் நகோமியை விடாமல் பற்றிக்கொண்டாளே, அங்கேயும் அதுதான்.

அப்படியானால் மண்ணோடு ஒட்டிக் கிடக்கிறவன்தான் ஆறு வசனம் தள்ளி சாட்சிகளோடும் ஒட்டிக் கிடக்கிறான். நடுவில் எழுந்துவிட்டேன் என்று எங்கேயாவது சொல்கிறானா என்று மறுபடி தேடினேன். 28-இல் 'என்னை எடுத்து நிறுத்தும்' என்று கேட்கிறான். எழுந்ததாக இல்லை.

நான் எழுந்து, குளித்து, மனசு அமைதியான பிறகு அவரிடம் போகலாம் என்றே இருந்துவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

அப்பா தாடையை மார்புப் பக்கம் தாழ்த்திக்கொண்டுதான் விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் புரையேறும். ஒவ்வொரு கரண்டிக்கும் தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்தது. அரை மணி நேரம் ஆகிறது. முன்பெல்லாம் என் ஜெப நேரமும் அரை மணிதான்.

முதல் கரண்டிக்கு முன் இருவரும் சேர்ந்து சொல்கிறோம். 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று' என்னும்போது அப்பா கரண்டியைப் பார்க்கிறார். அது பழக்கமாகத் தெரியவில்லை.

மார்ச் 18, புதன்

மோசமான நாள். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றாலும் "எங்கள், எங்கள்", விளக்கை அணைக்க வேண்டும் என்றாலும் "எங்கள்". எதுவென்று புரியாமல் கத்திவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. மன்னிப்புக் கேட்டேன். அவரிடம் முதலில், பிறகு ஆண்டவரிடம்.

மார்ச் 19, வியாழன்

அப்பாவின் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

மார்ச் 21, சனி

இரண்டு மணிக்கு அப்பாவே என்னை எழுப்பினார். "பரமண்டலங்களிலிருக்கிற" என்று இருட்டில் குரல். நான் எடுத்துக் கொடுக்காமல் அவராகவே. விளக்கைப் போட்டேன், படுக்கை நனைந்திருந்தது. ஒருபக்கமாகப் புரட்டி, விரிப்பைச் சுருட்டி முதுகுக்கு அடியில் செருகி, மறுபக்கம் புரட்டி உருவினேன். அவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டே வந்தார். நானும் சேர்ந்துகொண்டேன். 'உம்முடைய சித்தம்' என்ற இடத்தில் எனக்கு வரவில்லை. அப்பா நிற்கவில்லை. நான் 'ஆகாரத்தை' என்ற இடத்தில்தான் மறுபடி சேர முடிந்தது.

மார்ச் 22, ஞாயிறு

இன்று அக்கா இங்கே இருக்கிறாள். நான் ஆராதனைக்குப் போகிறேன். ஐந்தாம் எட்டைத் திரும்பி வந்து படிக்க வேண்டும். கிளம்பும் நேரத்தில் போன் அடிக்கிறது