லியோன் நாட்குறிப்பு: பாக்கி கேட்கும் பிரெஞ்சு

5 பிப்ரவரி 2024, திங்கள்

ஸ்தாஜ் இன்று தொடங்கியது. இன்டர்ன்ஷிப்புக்குப் பிரான்சில் அதுதான் பெயர். என்னைப் போல வருபவர்கள் ஸ்தாஜியேர். லியோனை ஒட்டிய வில்லூர்பானில், தொழிற்சாலைகளுக்கு வால்வு விற்கும் நடுத்தர நிறுவனம். கணக்குப் பிரிவில், வாடிக்கையாளர் பாக்கிகளைக் கவனிக்கும் மேசை எனக்கு.

சேர்வதற்கு முன்பே மூன்று தரப்பும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும்: நான், கல்லூரி, நிறுவனம். என்ன வேலை, யார் பொறுப்பு, எத்தனை மணி நேரம் எல்லாம் அதில் இருக்கிறது. இரண்டு மாதத்தைத் தாண்டினால் உதவித்தொகை கட்டாயம். இந்த வருடம் மணிக்குக் குறைந்தது 4.35 யூரோ. மற்ற ஊழியர்களுக்கு உள்ள உணவுச் சீட்டு எனக்கும் உண்டு. போக்குவரத்துப் பாஸில் பாதியை நிறுவனம் தருகிறது. ஊரில் வெறும் சான்றிதழுக்காக மாதக்கணக்கில் உழைத்த நண்பர்களை நினைத்துக்கொண்டேன். தொழில் பழகுபவனையும் சட்டம் கண்டுகொள்வது பெரிய விஷயம்.

காலையில் வந்தவர்கள் ஒவ்வொரு மேசையாகப் போய் 'போன்ஜூர்' சொன்ன பிறகுதான் கணினியைத் திறந்தார்கள். கிடங்கிலிருந்து வந்தவரும் சொன்னார், நிதி இயக்குநரும் சொன்னார்.

21 பிப்ரவரி, புதன்

தொலைபேசி. சென்னையில் அலியான்ஸ் பிரான்சேஸ் மொழிப் பள்ளியில் பி2 நிலை வரை பிரெஞ்சு படித்தது மின்னஞ்சலுக்குப் போதும். தொலைபேசிக்குக் காது வேண்டும்.

இங்கே தொலைபேசி எண்களை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். 72 என்பதை 'அறுபது-பன்னிரண்டு' என்ற அமைப்பில் சொல்கிறது பிரெஞ்சு. 97 என்றால் 'நாலு இருபது, பத்து, ஏழு'. எதிர்முனையில் வேகமாகப் பேசுபவர் 'அறுபது' என்று தொடங்கியதும் 60 என்று எழுதுவதா, பொறுப்பதா? என் பொறுப்பாளர் ஒரு வழி சொன்னார்: அடுத்த ஜோடி தொடங்கும்வரை பேனாவை இறக்காதே, எழுதி முடித்ததும் முழு எண்ணையும் திருப்பிச் சொல். அவருக்கு முப்பது வருட அனுபவம், அவரே திருப்பிச் சொல்கிறார். நிறுவனப் பதிவு எண் சிரெத் 14 இலக்கம். அதைத் தொலைபேசியில் வாங்குவது தனிப் பயிற்சி.

12 மார்ச், செவ்வாய்

இந்த வாரம் முழுக்கக் கடிதங்கள். இதற்காகவே நான் வந்தேன் என்று தோன்றுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நிறுவனங்களுக்கு இடையே பணம் தரும் கெடுவைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால் 30 நாள். பேசி நீட்டினாலும் பில் தேதியிலிருந்து 60 நாளுக்கு மேல் பொதுவாகப் போகக் கூடாது. மாதக் கடைசியோடு சேர்த்து 45 நாள் என்று இன்னொரு கணக்கும் உண்டு. தாமதமானால் வட்டியோடு, ஒவ்வொரு பில்லுக்கும் 40 யூரோ வசூல் செலவாகக் கேட்கலாம். அந்த 40 யூரோ 2013 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. உரிமை இவ்வளவு தெளிவாக இருந்தும் முதல் கடிதத்தில் அதன் வாடையே இருக்காது.

முதல் நினைவூட்டல் இப்படித் தொடங்கும்: எங்கள் தரப்பில் தவறோ விடுபடலோ இல்லையென்றால், கீழ்க்கண்ட பில்லுக்கு இன்னும் பணம் வரவில்லை. தவறு எங்களுடையதாகவும் இருக்கலாம் என்று முதல் வரியிலேயே கதவைத் திறந்து வைக்கிறார்கள். கடைசியில், இதற்குள் பணம் அனுப்பியிருந்தால் இக்கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம். நடுவில் பில் எண், தேதி, தொகை மட்டும். முடிவில் 'கோர்தியால்மான்', நம் 'அன்புடன்' போல.

இரண்டாவதில் முதல் கடிதத்தின் தேதி வருகிறது, அபராத விதி வருகிறது. மூன்றாவது மிஸ் ஆன் தமர், அதாவது சட்டப்படியான கடைசி எச்சரிக்கை. அது ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போகும்.

கடுமை ஏற ஏறக் கடிதத்தின் மரியாதை குறையவில்லை, கூடுகிறது. 'கோர்தியால்மான்' மறைந்து, 'அம்மையீர், எனது மேலான வணக்கங்களை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்' என்ற நீண்ட வாசகம் வந்து உட்காருகிறது. தொடக்கத்தில் 'இயக்குநர் அம்மையீர்' என்று விளித்திருந்தால் அந்த முடிவு வாசகத்துக்குள்ளும் அதே விளி திரும்ப வர வேண்டும். வகுப்பில் இதைப் பழைய அலங்காரம் என்று நினைத்து மனப்பாடம் செய்திருந்தேன். இங்கே அது கெடுவைப் போல ஓர் அளவுகோல். சிறிய வாசகத்திலிருந்து பெரிய வாசகத்துக்கு மாறியதைப் பார்த்ததுமே எதிர்த்தரப்புக் கணக்காளருக்கு விஷயம் எங்கே போகிறதென்று புரிந்துவிடும்.

பொறுப்பாளரிடம் காரணம் கேட்டேன். "இந்தக் கடிதத்தை ஒருநாள் நீதிபதி படிக்கலாம். அவர் படிக்கிறார் என்று நினைத்தே எழுது" என்றார். அதன் பிறகு என் வரைவுகளில் இருந்த உருக்கம், விளக்கம், வேண்டுகோள் எல்லாம் தானாக உதிர்ந்தன. நம் ஊர்க் கடிதங்களில் உறவைக் காப்பாற்ற நாலு வரி கூடுதலாக எழுதுவோம். இங்கே உறவைக் காப்பாற்றுவது அந்தச் சடங்கு வாசகங்கள்தான். மற்ற வரிகள் ஆதாரம்.

18 ஏப்ரல், வியாழன்

நிதி இயக்குநர் இன்று காபி இயந்திரத்தின் அருகே, "நாம் 'த்யூ' சொல்லிக்கொள்ளலாமே" என்றார். 'த்யூ' நம் 'நீ', 'வூ' நம் 'நீங்கள்'. அவர் வயதுக்கு என் வாயில் அது வரவே மாட்டேன் என்கிறது. அப்பா வயதுக்காரரை ஒருமையில் பேசுவது எனக்கு எளிதல்ல. ஆனால் அழைத்த பிறகும் 'வூ'விலேயே நின்றால் விலகி நிற்பதாகப் பொருள்படும். சரி என்று பழகிக்கொண்டிருக்கிறேன். வாடிக்கையாளர்களுக்கு மட்டும் எப்போதும் 'வூ'.

அப்புறம் மதியச் சாப்பாடு. வேலை மேசையில் ஊழியர்களைச் சாப்பிட விடக் கூடாது என்று தொழிலாளர் சட்டத்திலேயே நெடுங்காலமாக விதி இருக்கிறது. பன்னிரண்டரைக்கு எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். டப்பாவைத் திறந்துகொண்டு திரையைப் பார்க்கும் வழக்கத்தை நான் முதல் வாரத்திலேயே விட்டேன். எந்த வாடிக்கையாளர் மெதுவாகத் தருவார் ஆனால் நிச்சயம் தருவார், எந்த நிறுவனம் கைமாறப் போகிறது, இதெல்லாம் கோப்பில் கிடையாது. சாப்பாட்டு மேசையில்தான் கிடைக்கிறது.

10 மே, வெள்ளி

அலுவலகம் மூடல். புதன் 8, போர் வெற்றி நாள். வியாழன், கிறிஸ்து விண்ணேற்றம். இரண்டு விடுமுறைக்கும் சனிக்கும் நடுவே மாட்டிய வெள்ளியை 'பாலம் போட்டு' எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வாரம் நினைவூட்டல் அனுப்புவதில் அர்த்தமே இல்லை. எனவே அதற்கான கடிதங்களை ஏப்ரல் கடைசியிலேயே அனுப்பிவிட்டோம். இதுவும் தொழில் அறிவுதான்.

மாலை க்ருவா ரூஸ் மேட்டில் ஏறினேன். பட்டு நெசவாளர்களின் குன்று. 1831-ல் கூலிக்காக அவர்கள் கிளர்ந்தெழுந்தது இங்கிருந்துதான். அதற்கும் முன்பே, 1806-ல், முதலாளியும் தொழிலாளியும் தங்கள் சச்சரவைத் தீர்த்துக்கொள்ள முதல் 'ப்ருதோம்' மன்றம் இந்த ஊரில் அமைந்தது. இன்றும் வேலை வழக்குகள் ப்ருதோம் மன்றத்துக்குத்தான் போகின்றன. சாப்பாட்டு மேசையில் அந்தச் சொல் அத்தனை சாதாரணமாக வந்து விழுவது ஏன் என்று அங்கே நின்றபோது விளங்கியது.

20 மே, திங்கள்

பெந்தகோஸ்து திங்கள். விடுமுறைதான், ஆனால் நாங்கள் வேலை செய்தோம். 2003 ஆகஸ்டு வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். அடுத்த ஆண்டு ஒரு சட்டம் வந்தது: எல்லோரும் வருடத்தில் ஒருநாள் கூடுதல் ஊதியம் இல்லாமல் வேலை செய்வது, நிறுவனங்கள் அதற்கு ஈடாக முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்புக்குப் பணம் கட்டுவது. எந்த நாள் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் முடிவு செய்துகொள்ளலாம். எதிர் மேசைப் பெண்மணிக்கு இதில் உடன்பாடில்லை, ஆனாலும் எட்டரைக்கு வந்து நின்றார்.

10 ஜூன், திங்கள்

நேற்றிரவு குடியரசுத் தலைவர் மக்ரோன் நாடாளுமன்றக் கீழவையைக் கலைத்துவிட்டார். மதியம் சாப்பாட்டு மேசை கொதித்தது. இயக்குநர் ஒன்று சொல்ல, கிடங்கு மேற்பார்வையாளர் நேருக்கு நேர் "எனக்கு உடன்பாடில்லை" என்றார். குரல் உயர்ந்தது. நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இன்று ஏதோ உடையப்போகிறது என்று. இரண்டு மணிக்கு அதே இருவரும் அதே நிதானத்தோடு ஒரு சரக்கு அனுப்புதலைப் பேசி முடித்தார்கள். மறுப்பு கருத்தின் மேல்தான், ஆளின் மேல் அல்ல. எனக்கு இது இன்னும் கைவரவில்லை, ஆனால் வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். மேலதிகாரியின் கணக்கு தவறென்று தெரிந்தும் வாயை மூடிக்கொள்ளும் அலுவலகங்களை நான் அறிவேன்.

27 ஜூன், வியாழன்

என் முதல் மிஸ் ஆன் தமர். பிப்ரவரி முதல் பாக்கி வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர். முந்தைய இரண்டு கடிதங்களின் தேதிகள், பில் எண்கள், அசல், வட்டி, பில் ஒன்றுக்கு 40 யூரோ, கடிதம் கிடைத்ததிலிருந்து எட்டு நாள் கெடு, தவறினால் நீதிமன்றம். பொறுப்பாளர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து ஒரே ஒரு வினையெச்சத்தை மட்டும் மாற்றினார். தபால் நிலையத்தில் பதிவுச் சீட்டை வாங்கிக் கோப்பில் தைத்தேன்.

12 ஜூலை, வெள்ளி

மூன்று நாள் முன்பு அந்த வாடிக்கையாளர் அழைத்தார். கோபம் இல்லை. 'போன்ஜூர்' சொல்லி, கடிதத்தின் எண்ணைப் படித்து, இரண்டு தவணை கேட்டார். முதல் தவணை இந்த மாதக் கடைசியில், இரண்டாவது செப்டம்பரில். பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி உறுதி செய்தேன். அவரும் பதில் எழுதி ஏற்றுக்கொண்டார். எண்ணைத் திருப்பிச் சொன்னது நான்தான்.

ஆகஸ்டில் பாதி நாடு மூடிவிடும் என்பதால் கோப்புகளை இப்போதே ஒப்படைக்கிறேன். கல்லூரியில் அறிக்கை சமர்ப்பித்து, தேர்வாளர்கள் முன் பேச வேண்டியது செப்டம்பரில். தலைப்பைப் பொறுப்பாளரோடு பேசி முடிவு செய்துவிட்டேன்: பாக்கி வசூல் கடிதங்களில் மரியாதை வாசகங்களின் படிநிலை. திங்கட்கிழமை முதல் எழுதத் தொடங்குகிறேன்.