கியர்பாக்ஸை இறக்கச் சொன்னார்கள்

அப்பாவின் இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு கிளட்ச் மிதிப்பது அவருக்குச் சிரமமாகிவிட்டதால், 2007ஆம் ஆண்டின் நான்கு கியர் ஆட்டோமேட்டிக் பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினோம். ஆறு ஆண்டுகள் குறையில்லாமல் ஓடிய அந்த வண்டி, 1,18,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்த சென்ற ஐப்பசி மழையில் இரண்டு தொல்லைகளைக் கொடுக்கத் தொடங்கியது. மேட்டுப்பாளையம் சாலையில் துடியலூரைக் கடந்து 60 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது, சிறு ஏற்றம் வந்தால் போதும், பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்து விட்டதைப் போல இரண்டு மூன்று முறை வெட்டியது. சிக்னலில் நின்று கிளம்பும்போதோ, ஆக்ஸிலரேட்டரை மிதித்த பிறகு ஒரு நொடி திணறிவிட்டுத்தான் நகர்ந்தது. எதிரே பஸ் வரும் சாலையில் வலப்பக்கம் திரும்பும்போது அந்த ஒரு நொடி எவ்வளவு ஆபத்தானது என்று உணர்ந்த அப்பா, தனியாக வண்டியை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

நாங்கள் கொண்டுபோன ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் என்னோடு உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போயிருச்சுங்க சார், இறக்கித்தான் பார்க்கணும்" என்றார். 85,000 ரூபாய் வரை ஆகும் என்றும் சொன்னார். அவர் மனம்போனபடி சொல்லவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். வண்டி வெட்டிக்கொண்டிருந்தபோது, ஆக்ஸிலரேட்டரை விடாமல் இடது காலால் பிரேக்கை லேசாகத் தொடச் சொன்னார். தொட்டவுடன் வெட்டு நின்றுபோனது. அனுபவம் உள்ள பலரும் செய்யும் சோதனைதான் அது. ஆனால் அது காட்டியதைப் படித்த விதத்தில்தான் பிழை இருந்தது.

ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது; அதற்குள் சுழலும் ஆயில்தான் எஞ்சினின் இழுவையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிறது. ஆயில் வழியாகக் கடத்தும்போது கொஞ்சம் நழுவும் என்பதால், மேல் கியரில் நிதானமான வேகம் வந்ததும் உள்ளேயிருக்கும் லாக்-அப் கிளட்ச் பிடித்து, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டிவிடும். பிரேக்கைத் தொட்டால் அந்தப் பூட்டு விலகும். ஆகவே, தொட்டவுடன் வெட்டு நின்றால் லாக்-அப் கிளட்சுதான் கெட்டிருக்கிறது என்று எண்ணத் தோன்றும். ஆனால் பூட்டிய நிலையில் எஞ்சினின் ஒரு சிலிண்டர் ஒருமுறை எரியத் தவறினாலும், இடையில் தாங்கிக்கொள்ள ஆயில் இல்லாததால் அந்த அடி நேராகச் சக்கரத்துக்குப் போய் நம் முதுகில் தெரிகிறது. பூட்டு விலகியதும் அதே தவறலை ஆயில் விழுங்கிவிடுகிறது, எஞ்சினின் ஆர்.பி.எம். ஏறி, அதன்மேல் இருக்கும் சுமையும் குறைகிறது. பிரேக்கைத் தொட்டதும் வெட்டு நின்றது என்பதிலிருந்து, வெட்டு லாக்-அப் இருக்கும்போது வெளிப்படுகிறது என்பது மட்டுமே தெரியும். எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது.

இரண்டையும் பிரித்தறியக் கவனமாக உட்கார்ந்து ஓட்டினாலே பாதி விளங்கிவிடும். லாக்-அப் கிளட்ச் வழுக்கினால், வேகத்தடைக் கோடுகள்மேல் போவதைப் போலச் சீரான, நெருக்கமான அதிர்வு ஒன்றிரண்டு நொடி வந்து போகும். சிலிண்டர் எரியத் தவறுவதான மிஸ்ஸிங் அப்படி இருக்காது. ஒன்று, சற்று விட்டு இரண்டு, பிறகு ஒன்றுமில்லை என்று ஒழுங்கில்லாமல் வெட்டும். எங்கள் வண்டி இரண்டாவது வகையாகத்தான் வெட்டியது, அதுவும் மழை ஈரத்தில் அதிகமாக. ஈரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விதான் என்னை அந்த 85,000 ரூபாயிலிருந்து காப்பாற்றியது. காலி இடத்தில் கைப்பிரேக்கும் கால்பிரேக்கும் முழுதாகப் பிடித்து, கியரை டி-யில் (முன்னோக்கி ஓடும் நிலை) வைத்து, இரண்டே நொடி லேசாக ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்துப் பார்த்தேன். நின்ற இடத்தில் லாக்-அப் பூட்டாது, ஆயினும் எஞ்சின் விக்கியது. இந்தச் சோதனையை நீட்டித்தால் ஆயில் கொதித்துவிடும். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கவும் கூடாது.

இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட கார்களுக்கு 2010 ஏப்ரலிலிருந்து, எஞ்சினின் குறைகளைத் தானே கண்டறிந்து பதிவுசெய்யும் ஓபிடி-யின் முதல் கட்டமும், 2013 ஏப்ரலிலிருந்து இரண்டாம் கட்டமும் கட்டாயமாயின என்றாலும், அதற்கு முந்தைய பல கார்களிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை சாக்கெட் இருக்கிறது. செக் எஞ்சின் விளக்கு எரியாததால் ஒர்க்‌ஷாப்பில், அந்தச் சாக்கெட்டில் செருகிப் பதிவுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டவே இல்லை. நான் மாட்டியபோது, விளக்கை எரிய வைக்கும் அளவை இன்னும் எட்டாமல் காத்திருந்த பி0303 என்ற பிழைக் குறியீடு இருந்தது; மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்பது அதன் பொருள். ஒவ்வொரு சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குக்கும் உயர் வோல்டேஜ் தரும் காயிலை வாங்க உடனே ஓடவில்லை. மூன்றாவது காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரிலும், அங்கிருந்ததை இங்கும் மாட்டிக்கொண்டு அதே ஏற்றத்தில் ஓட்டினேன். இம்முறை குறியீடு பி0301 (முதல் சிலிண்டர்) என்று மாறியது. காயில் போன இடத்துக்கே குறையும் போய்விட்டது. காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் நான்கு காயில்களையும் மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கழற்றிய காயிலின் ரப்பர் உறையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, உட்புறத்தில் பென்சிலால் கீறியதைப் போல மெல்லிய சாம்பல் நிறக் கோடு ஒன்று மேலிருந்து கீழாக ஓடியது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் அதே கோடு இருந்தது. மின்சாரம் பிளக்கின் முனைக்குப் போகாமல் அந்தக் கோட்டின் வழியே பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பொறி தாண்ட அதிக வோல்டேஜ் தேவைப்படும். அப்போதுதான் அது சுலபமான வழியைத் தேடும். பிளக்கின் இடைவெளி 1.1 மில்லிமீட்டருக்குப் பதில் 1.4 ஆகத் தேய்ந்திருந்தது. பிளக் குழிக்குள் எஞ்சின் ஆயில் கசிந்து ரப்பரை ஊறவைத்திருந்ததால், ஒரு காயில், நான்கு பிளக்குகள் ஆகியவற்றோடு வால்வு கவர் கேஸ்கெட்டையும் மாற்றினேன். கேஸ்கெட்டை விட்டிருந்தால் புதிய காயிலும் ஓராண்டில் அதே கதிக்கு வந்திருக்கும்.

வெட்டு போய்விட்டது, கிளம்பும்போது வந்த திணறல் போகவில்லை. அது வேறு குறை. எஞ்சின் கணினி வழக்கத்தைவிட எவ்வளவு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ தருகிறது என்பதைச் சொல்லும் நீண்டகால ஃப்யூயல் ட்ரிம், ஸ்கேனரில், வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில் +16 சதவீதமும் 2,500 ஆர்.பி.எம்.-இல் +4 சதவீதமும் காட்டியது. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலில் பழைய வண்டிகளின் ட்ரிம் கொஞ்சம் மேலே நிற்பது இயல்பே; ஆனால் ஐடிலிங்கில் மட்டும் இவ்வளவு ஏறினால், அளக்கப்படாத காற்று எங்கோ உள்ளே போகிறது என்று பொருள். வால்வு கவரிலிருந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் குழாயின் வளைவை விரலால் மடக்கியபோது, அடிப்பக்கத்தில் நகக்கண் அளவுக்கு விரிசல் திறந்தது. சில நூறு ரூபாயில் அந்தக் குழாய் கிடைத்தது.

இதற்கிடையில் கியர் ஆயிலையும் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டியது பழுப்பாக இருந்தது, ஆனால் கருகிய வாடையோ உலோகத் துகளோ இல்லை. வடித்தால் மொத்தம் உள்ள 7 லிட்டரில் 3.5 லிட்டர்தான் வரும். மீதி கன்வர்ட்டரிலேயே தங்கிவிடும் என்பதால், சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று முறை வடித்து, வண்டியின் கையேட்டில் சொன்ன வகை ஆயிலையே ஊற்றினேன். இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறுவது மென்மையானது. வெட்டையோ திணறலையோ அது எதுவும் செய்யவில்லை. முதலில் இதைச் செய்திருந்தால் ஆயிலும் பயனில்லை, கியர்பாக்ஸ்தான் என்று நானும் நம்பியிருப்பேன்.

கார்த்திகையில் நல்ல மழை நாளாகப் பார்த்து, கோத்தகிரி வரை அப்பாவே ஓட்டினார். கொண்டை ஊசி வளைவுகளில் நின்று நின்று ஏறியும் ஒருமுறைகூட வண்டி தயங்கவில்லை. டி-யில் வைத்து சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் லேசான நடுக்கம் மட்டும் இன்னும் இருக்கிறது. நியூட்ரலுக்கு மாற்றினால் நின்றுவிடுகிறது. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் பிடிப்பான எஞ்சின் மவுன்ட்தான் காரணம் என்று நினைக்கிறேன். அடுத்த ஞாயிறு ஜாக்கி வைத்துப் பார்க்க வேண்டும்.