போர்டோ கலவை கெடுவது சுண்ணாம்பில்தான்

ஐப்பசி மழை இரண்டு தடவை நின்று பெய்துவிட்டால் சோழவந்தான், தென்கரை, முள்ளிப்பள்ளம் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் காலையில் முதலில் பார்க்க வேண்டியது இலையின் மினுமினுப்பைத்தான். நேற்றுவரை பளபளவென்றிருந்த கொடி இன்று மங்கித் தொங்கினால் அடித்தண்டைச் சுற்றி மண்ணை விலக்கிப் பாருங்கள். மண்ணுக்குள் இருக்கும் கணு கறுத்து, தொட்டால் கொழகொழவென்று தோல் உரிந்து, கெட்ட வாடை அடித்தால் அது வாடல் நோய். சில நாளில் கொடி முழுக்கக் காய்ந்துவிடும். தரையை ஒட்டிய இலைகளில் தண்ணீரில் ஊறியது போன்ற வட்டக் கரும்புள்ளிகளும் சேர்ந்தே வரும். மழைத்துளி மண்ணில் அடித்துத் தெறிக்கும்போது நோய்க்கிருமி ஏறுவது அந்த இலைகளில்தான்.

கிருமியின் பெயர் பைட்டோப்தோரா. பூஞ்சாணம் என்று சேர்த்துச் சொல்கிறோமே தவிர, இது உண்மையான பூஞ்சாணம் இல்லை, நீர்ப்பூஞ்சை. இதன் வித்துகளுக்கு வால் உண்டு, தண்ணீரில் நீந்திப் போகும். பாத்தியில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் அதற்குப் பாதை. இந்த வேறுபாடு தெரியாததால் வீணாகும் பணம் கொஞ்சமல்ல. கடையில் "வாடுது" என்று சொன்னால் கையில் வருவது பெரும்பாலும் கார்பன்டசிம் என்ற பூஞ்சாணக்கொல்லி. அது உண்மையான பூஞ்சாணங்களுக்கு நல்ல மருந்து, பைட்டோப்தோராவிடம் எடுபடாது. மெட்டாலக்சில் என்ற மருந்து எடுபடும், ஆனால் அதையே திரும்பத் திரும்ப ஊற்றினால் கிருமி சீக்கிரம் பழகிக்கொள்ளும். இன்னொன்று, வெற்றிலை பச்சையாக மெல்லும் இலை. மெட்டாலக்சில் போலச் செடிக்குள் ஊடுருவும் மருந்தைக் கழுவிப் போக்க முடியாது. அதனால்தான் கொடிக்காலுக்குப் போர்டோ கலவையை நான் முதலில் வைக்கிறேன்.

தண்டின் அடியில் பஞ்சு போல வெள்ளை நூலும், கடுகு போன்ற உருண்டைகளும் தெரிந்தால் கதை வேறு. அது ஸ்கிளிரோசியம், மெய்யான பூஞ்சாணம். அதற்குச் செடியைச் சுற்றுமண்ணோடு அகற்றிவிட்டு, டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணமும் வேப்பம் பிண்ணாக்கும் இடும் வழியில் போக வேண்டும்.

போர்டோ கலவை 1885இல் பிரான்சின் போர்டோ பகுதித் திராட்சைக்காக மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் வெளியிட்டது. மயில்துத்தம் (தாமிர சல்பேட்), சுண்ணாம்பு, தண்ணீர், அவ்வளவுதான். இத்தனை எளிதான மருந்து ஏன் ஒரு தோட்டத்தில் காப்பாற்றுகிறது, பக்கத்துத் தோட்டத்தில் இலையைக் கருக்குகிறது? காரணம் பெரும்பாலும் சுண்ணாம்புதான்.

வேண்டியது புதிதாகச் சுட்ட சுண்ணாம்புக் கல். கட்டியாக, கனமில்லாமல், தட்டினால் கணீரென்று இருக்க வேண்டும். சாக்கில் கிடந்து பொடிந்துபோனது காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் குடித்துவிட்ட சுண்ணாம்பு. மயில்துத்தத்தின் அமிலத்தன்மையை அடக்க அதற்குத் தெம்பு போதாது. அடங்காத தாமிரம் இளங்கொழுந்தை எரித்துவிடும். நீற்றிய சுண்ணாம்புத் தூள்தான் கிடைக்கிறது என்றால், காற்றுப் புகாமல் கட்டிய பையாகப் பார்த்து, எடையில் மூன்றில் ஒரு பங்கு கூட்டிப் போடுங்கள். 250 கிராமுக்குப் பதில் 330 கிராம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொடிக்கால் வேரடிக்குச் சொல்வது 0.25 சதவீதக் கலவை, அக்டோபர் முதல் ஜனவரி வரை மாதம் ஒருமுறை. மற்ற மரப்பயிர்களுக்குப் போடும் 1 சதவீதத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். 100 லிட்டருக்குக் கணக்கு: மயில்துத்தம் 250 கிராம், சுட்ட சுண்ணாம்பு 250 கிராம். மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து, 50 லிட்டர் தண்ணீரின் மேல்மட்டத்தில் மூழ்கும்படி இரவே தொங்கவிடுங்கள். கரைந்த நீர் கனத்துக் கீழே இறங்க இறங்கத் தானாகக் கரையும். அடியில் போட்டால் விடிந்தும் கட்டியாகவே கிடக்கும். இரும்பு, தகர வாளி கூடாது, பிளாஸ்டிக் டிரம் போதும். சுண்ணாம்பில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து நீற்றுங்கள். கொதித்துத் தெறிக்கும், கண் பத்திரம். ஆறிய பிறகு 50 லிட்டராக்கித் துணியில் வடிகட்டுங்கள். சூட்டோடு கலந்தால் துகள் தடித்து, அடியில் படிந்து, தெளிப்பானின் நாசிலை அடைக்கும்.

சுண்ணாம்புப் பாலைக் கலக்கிக்கொண்டே இருக்க, மயில்துத்த நீரை அதில் மெல்ல ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றாதீர்கள். வான நீலத்தில், இளந்தயிர் போலத் திரண்டு மிதந்தால் கலவை சரி.

அடுத்து அரிவாள் சோதனை. தீட்டிப் பளபளப்பாக்கிய அரிவாள் நுனியை ஒரு நிமிடம் கலவையில் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால், அடங்காத தாமிரம் இரும்பின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். சுண்ணாம்புப் பால் இன்னும் சேர்த்து, படியாதவரை திரும்பப் பாருங்கள். ஒரு நிமிட வேலைதான். இதை விட்டுவிட்டு மருந்தைக் குறை சொல்வதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

அன்றே செய்து அன்றே தீர்க்க வேண்டும். மறுநாள் துகள் பெருத்து ஒட்டும் தன்மை போய்விடும். கொடிக்கு அரை லிட்டர் வரை வேரடி நனைய ஊற்றினால் 100 லிட்டர் ஏறத்தாழ 200 கொடிக்கு வரும். இலைக்கு அடிப்பதானால் கிள்ளி முடித்த மறுநாள், வெயிலில் காய நேரமிருக்கும் பொழுதில் அடியுங்கள். கிள்ளப்போகும் கொடியில் வேண்டவே வேண்டாம்.

இது வருமுன் காக்கிற மருந்து. அழுகிய கொடியை மீட்காது. அதை வேரோடு பிடுங்கி வெளியே கொண்டுபோய் எரித்துவிட்டு, சுற்றியுள்ள நல்ல கொடிகளுக்கு ஊற்றுங்கள். நோய் கண்ட பாத்தியின் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகாமல் வாய்க்காலை மடக்குங்கள். மழைக்காலத்தில் கொடி படரும் அகத்தியின் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுங்கள். டிரைக்கோடெர்மா இட்டிருந்தால் இரண்டு வாரம் இடைவெளி வேண்டும். தாமிரம் அதையும் கொன்றுவிடும்.

மிச்சக் கலவையையும் டிரம் கழுவிய நீரையும் வைகை வாய்க்காலில் கொட்டிவிடாதீர்கள். தாமிரம் மீனுக்கு விஷம். பயிரில்லாத வரப்போரம் குழி தோண்டி ஊற்றுங்கள், தெளிப்பானில் நல்ல தண்ணீர் இரண்டு தடவை ஓடட்டும்.