பச்சைக் கடுகும் மிளகாய்த் துவையலும்: ஆறு முறை அரைத்துப் பார்த்த அனுபவம்

சென்ற தை மாதம், கல்கத்தாவில் வேலை பார்க்கும் பங்காளி வீட்டுப் பையன் ஊருக்கு வந்தபோது ஒரு சிறிய பாட்டிலில் காசுந்தி கொண்டுவந்து கொடுத்தான். வங்காளிகள் பொரித்த மீனுக்கும் கீரைக்கும் தொட்டுக்கொள்ளும் கடுகு விழுது அது. அன்று மாலை இடைப்பலகாரத்துக்கு எங்கள் வீட்டில் வெள்ளைப் பணியாரம் சுட்டிருந்தார்கள். வழக்கமான மிளகாய்த் துவையலோடு தட்டின் ஓரத்தில் அந்த விழுதையும் கொஞ்சம் வைத்துக்கொண்டு, பணியாரத்தைப் பிய்த்துத் தொட்டு வாயில் போட்டேன். காரம் நாக்கில் தங்காமல் நேரே மூக்கில் ஏறி, புருவ மத்தியில் ஒரு கணம் நின்று, நான் தண்ணீர்ச் செம்பை எடுப்பதற்குள் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று நாற்பத்தாறு வயது வரை நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் காரம் எப்படியிருக்கும் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அறியாமல் இருந்ததற்குக் காரணம் நம் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்கு நிலையான இடம் உண்டு என்றாலும், அது நேரே காய்ந்த எண்ணெய்க்குத்தான் போகிறது. செட்டிநாட்டுக் கறிக்குழம்புகளில் சோம்பும் பட்டையும் கல்பாசியும் மராட்டி மொக்கும் முன்னே நின்றுகொள்ள, பொரியல், கூட்டு, துவையல் என்று எளிய பதார்த்தங்களின் தாளிப்பில்தான் கடுகு வருகிறது. வெடித்த கடுகுக்கு நல்ல மணமும், வறுத்த வேர்க்கடலையை நினைவூட்டும் ஒரு ருசியும் உண்டு. காரம் மட்டும் அறவே கிடையாது. கடுகுக்குள் காரம் காரமாகவே அடைந்திருப்பதில்லை. சினிகிரின் என்ற பொருள் ஒரு பக்கமும், மைரோசினேஸ் என்ற நொதி வேறொரு பக்கமும் தனித்தனியே இருக்கின்றன. கடுகு உடைந்து தண்ணீர் படும்போது இரண்டும் கலந்து, அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற, மூக்கில் ஏறும் எண்ணெய் உண்டாகிறது. கொதிக்கும் எண்ணெயில் விழுந்த கடுகில் அந்த நொதி முதலிலேயே செத்துவிடுவதால், தாளித்த கடுகை எவ்வளவு மென்றாலும் காரம் பிறப்பதில்லை.

இதையெல்லாம் நான் முன்னரே படித்துவிட்டு அரைக்க உட்காரவில்லை. முதல் முறை கெட்டுப்போன பிறகுதான் தேடிப் படித்தேன். அந்த முறை ஐம்பது கிராம் கறுப்புக் கடுகை மிக்சியில் பொடித்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் குழைத்து, உப்புப் போட்டு மூடி வைத்தேன். வெந்நீர் விட்டால் சாறு நன்றாக இறங்கும் என்பது என் கணக்கு. அரை மணி கழித்து நாக்கில் வைத்துப் பார்த்தால் வேப்பங்கொழுந்தைப் போலக் கசந்தது. காரம் துளியும் இல்லை. நொதியை நானே வெந்நீர் ஊற்றிக் கொன்றிருந்தேன்.

இரண்டாவது முறை மண்பானைத் தண்ணீரை விட்டுக் குழைத்தேன். இரண்டு நிமிடத்தில் ஒன்றும் தெரியவில்லை; பத்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்தபோது கண் கரித்தது. 1814-இல் இங்கிலாந்தின் நார்விச் நகரத்துப் பக்கம் தொடங்கிய கோல்மன் நிறுவனத்துக் கடுகுப்பொடியையும் குளிர்ந்த தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் விட்ட பிறகே பரிமாறுவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டபோது, மண்பானையும் அதே விதிக்குத்தான் கட்டுப்பட்டது என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கசப்பு மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். கசப்புப் பாதியாகத் தணிந்தது. ஆனால் காரமும் கூடவே போய்விட்டது. காற்றோடு போகும் காரம் இது என்பதையும், அதைப் பிடித்து நிறுத்தப் புளிப்பு வேண்டும் என்பதையும் இந்த முறையில்தான் புரிந்துகொண்டேன்.

எந்தப் புளிப்பு என்ற கேள்வியில் ஒவ்வொரு ஊரின் நாக்கும் வெளியே வந்துவிடுகிறது. பிரான்சு நாட்டு டிஜோன் நகரத்தில் 1856-இல் ஜான் நெஜோன் என்பவர் வினிகருக்குப் பதிலாகப் பழுக்காத திராட்சையின் சாற்றை ஊற்றினார். டிஜோன் கடுகு விழுதுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தச் சாறுதான். வங்காளத்தில் சித்திரை, வைகாசியில் காய்க்கும் மாங்காயைத் துருவிக் காசுந்தியில் சேர்க்கிறார்கள். அட்சய திருதியை அன்று கடுகைக் கழுவிக் காயவைத்துக் காசுந்தி போடத் தொடங்குவது அங்கே பழைய வழக்கம். ஆந்திரத்து ஆவக்காயிலும் புளிப்பு மாங்காயிலிருந்தே வருகிறது. ஆவ என்றால் தெலுங்கில் கடுகு. மிளகாய்த்தூளின் சிவப்பைப் பார்த்து அதை மிளகாய் ஊறுகாய் என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம், ஆனால் அதில் வறுக்காத பச்சைக் கடுகைப் பொடித்துத்தான் போடுகிறார்கள். மாங்காயில் ஊறும் நீர் பட்டதும் ஜாடிக்குள்ளேயே காரம் பிறந்துவிடுகிறது. நம் ஊர் மாங்காய் ஊறுகாயில் கடுகையும் வெந்தயத்தையும் வறுத்துப் பொடிப்பதால், மணம் கிடைக்கிறதே தவிர மூக்கில் ஏறும் காரம் கிடைப்பதில்லை. மலையாளத்துப் பச்சடியில் தேங்காயோடு கடுகைச் சதைத்துத் தயிரில் கலக்கிறார்கள். நமக்கு எது என்றால், யோசிக்கவே வேண்டியதில்லை, புளிதான்.

மூன்றாவது முறையில் கசப்பைக் குறைப்பதற்கு மிக்சியை விட்டுவிட்டு இரண்டாம் கட்டில் கிடந்த அம்மியைக் கழுவி எடுத்தேன். மிக்சி ஓட ஓடச் சூடாகி விழுதும் வெதுவெதுப்பாகிவிடுகிறது. அம்மியில் அந்தத் தொல்லை இல்லை. மூன்று மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறிய கடுகை உப்போடும் ஒரு பச்சை மிளகாயோடும் சேர்த்து ஓட்டினேன். முதலில் கடுகு குழவிக்கு அடியில் நிற்காமல் நாலாபக்கமும் உருண்டோடியது. சிறிது சிறிதாக வைத்து, குழவியைத் தூக்காமல் அழுத்தி இழுத்தபோது, முதலில் கறுப்புத் தோல் பிரிந்து, அடுத்து உள்ளே இருந்த மஞ்சள் பருப்பு நசுங்கி, நாலாம் இழுப்பில் இரண்டும் கலந்து சாம்பல் பூத்த மஞ்சள் நிறத்தில் ஒரு பசை குழவியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த இடத்தில்தான் வாசனையும் மாறுகிறது; அதுவரை பச்சை விதை வாசம், அதற்குப் பிறகு கண்ணைச் சுருக்க வைக்கும் நெடி. பன்னிரண்டு நிமிடம் கழித்துக் கெட்டிப் புளிக்கரைசல் சேர்த்தேன். முன்பு இருந்ததைவிட எவ்வளவோ மேல் என்றாலும், பின்நாக்கில் கசப்பு இன்னும் மிச்சமிருந்தது.

கறுப்புக் கடுகு மட்டும் போதாது, மஞ்சள் கடுகு கலக்க வேண்டும் என்று பங்காளி வீட்டுப் பையன் தொலைபேசியில் சொன்னான். காரைக்குடியில் நான் கேட்ட மளிகைக் கடைகளில் அது கிடைக்கவில்லை. கடைசியில் நாட்டு மருந்துக் கடையில், சாம்பிராணியோடு சேர்த்துப் புகை போடுவதற்காக விற்கும் வெண்கடுகுதான் அது என்று தெரிந்து கால் கிலோ வாங்கிவந்தேன். முறத்தில் கொட்டிப் புடைத்துக்கொண்டிருந்தபோது அப்பத்தா வந்து எட்டிப் பார்த்தார்கள்.

“திருட்டி சுத்திப் போடுற கடுகையா ராசா தின்னப்போறே?”

“இதுவும் கடுகுதானே அப்பத்தா. கழுவிக் காயவச்சுத்தான் அரைக்கப்போறேன்.”

“செய், செய். எனக்கு மட்டும் வைக்காதே.”

சங்கப் பாடல்களில் ஐயவி என்று வருவது இந்த வெண்சிறு கடுகைத்தான். போரில் புண்பட்டுக் கிடக்கும் வீரனின் வீட்டில் காவலுக்காக அதைச் சிதறுவார்கள். அப்பத்தாவின் தயக்கத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் பின்னணியில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் விவாதிக்கவில்லை. புகைக்காக விற்கும் சரக்கில் தூசும் கல்லும் அதிகம் என்பதால், புடைத்து, சலித்து, ஐந்து தண்ணீரில் அலசி, வளவில் ஒரு நாள் வெயிலில் காயவைத்த பிறகே எடுத்தேன்.

வெண்கடுகின் காரம் முற்றிலும் வேறு ரகம். அதில் உண்டாகும் பொருள் எளிதில் ஆவியாகாததால் மூக்கில் ஏறாமல் நாக்கிலேயே உட்கார்ந்துகொள்கிறது, கசப்பும் குறைவு. நான்காவது முறை வெண்கடுகை மட்டும் அரைத்தபோது, விழுது அழகான மஞ்சளாக வந்தாலும் அந்த மூக்கேற்றம் இல்லாமல் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஐந்தாவது முறையில் வெண்கடுகு இரண்டு கரண்டிக்குக் கறுப்புக் கடுகு ஒரு கரண்டி என்று கலந்தேன். முதலில் மூக்கு, அடுத்து நாக்கு என்று இரண்டும் வரிசையாக வந்தன; கசப்பு அடுத்த நாளைக்குள் அநேகமாகப் போய்விட்டது. அந்த விழுதில் பாதியைப் பீங்கான் ஜாடியில் வெளியிலும், மீதியைக் கண்ணாடி பாட்டிலில் குளிர்சாதனப் பெட்டியிலும் வைத்தேன். பங்குனி வெயிலில் வெளியே இருந்தது நான்கே நாளில் சப்பென்று ஆனதோடு, நான் அவசரத்தில் ஈரக் கரண்டியைப் போட்டதால் மேலே பூசணமும் பூத்து, முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று. உள்ளே இருந்தது மூன்று வாரம் வரை காரம் மங்காமல் இருந்தது.

விழுது சரியாக வந்த பிறகுதான் நான் உண்மையில் விரும்பிய வேலைக்கு வந்தேன். காசுந்தியை அப்படியே நகலெடுத்துக் காரைக்குடியில் வைத்துக்கொள்வதில் எனக்கு ஆர்வமில்லை. நம் மிளகாய்த் துவையலுக்குள் இந்தப் பச்சைக் கடுகு பொருந்துமா என்பதே என் கேள்வி. அந்தத் துவையலில் வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, புளி, உப்பு, மேலே நல்லெண்ணெய், இவ்வளவுதான். மிளகாய்க்கு, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாயைத்தான் நான் எப்போதும் எடுப்பேன். நிறமும் காரமும் அளவோடு சேர்ந்து வரும். மிளகாயின் காரம் நாக்கில் மெல்ல ஏறி வெகுநேரம் நின்று எரிக்கும். கடுகின் காரமோ வந்த வேகத்தில் மறையும். ஒன்று முடிகிற இடத்தில் மற்றது தொடங்கினால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

ஆறாவது முறையில் பன்னிரண்டு குண்டு மிளகாயை வெறுமனே ஊறவைத்து, பத்துச் சின்ன வெங்காயம், நான்கு பல் பூண்டு, நெல்லிக்காயளவு புளி, உப்புச் சேர்த்து அம்மியில் அரைத்தேன். முதலில் துவையலும் கடுகு விழுதும் சரிபாதியாகக் கலந்து பார்த்ததில் கடுகு மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது. நான்கு பங்கு துவையலுக்கு ஒரு பங்கு விழுது என்று குறைத்தபோது சமநிலை கிடைத்தது. தாளிப்பில்தான் சிக்கல் வந்தது. தாளிக்காத துவையலை எங்கள் வீட்டில் யாரும் துவையலாகவே மதிக்க மாட்டார்கள். ஆனால் கொதிக்கும் எண்ணெயை அப்படியே கொட்டினால் கஷ்டப்பட்டுச் சேர்த்த கடுகின் காரம் ஆவியாகிவிடும். ஆகவே நல்லெண்ணெயைக் காயவைத்துக் கடுகும் உளுத்தம்பருப்பும் கறிவேப்பிலையும் தாளித்து, அடுப்பிலிருந்து இறக்கி, தொட்டால் சுடாத பதத்துக்கு ஆறவிட்ட பிறகு துவையலில் ஊற்றிக் கிளறினேன். வெடித்த கடுகின் மணமும் பச்சைக் கடுகின் நெடியும் ஒரே வாயில் கிடைத்தன. ஒரே விதை இப்படி இரண்டு ருசி தருவதை அவ்வளவு அருகருகே வைத்து நான் அதுவரை உண்டதில்லை. அந்த முதல் கவளத்தின் மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை.

வெள்ளைப் பணியாரத்துக்கு இது மிகப் பொருத்தம். தொண்டிப் பக்கத்திலிருந்து வரும் மீனைப் பொரித்துத் தொட்டுக்கொண்டபோது வங்காளிகளின் ருசி எனக்கு முழுவதும் விளங்கியது. இட்லிக்கு அவ்வளவு சரிப்படவில்லை. இட்லியின் மென்மைக்குத் தேங்காயோ பருப்போ கலந்த சட்னிதான் இணக்கம் என்பது என் அபிப்பிராயம். பழைய சோற்றுக்கு வைத்துக்கொண்டால் வேறெதுவும் வேண்டாம். அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. எனக்கு மட்டும் வைக்காதே என்று சொன்ன அப்பத்தாதான், மறுநாள் காலையில் நீராகாரத்தோடு ஒரு நுனி தொட்டுப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறையும் தொட்டார்கள்.

“புளி பத்தலை” என்றார்கள்.

புளியை நெல்லிக்காயளவிலிருந்து சிறிய எலுமிச்சையளவாக ஏற்றி நேற்று மறுபடி அரைத்து, தாளித்து ஆறவைத்துக் கலந்து, பாட்டிலில் மூடி உள்ளே வைத்திருக்கிறேன். கசப்பு அடங்க இன்னும் ஒரு நாள் வேண்டும்.